கவிழ்ந்து வந்த அலை

மின்னணு ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருந்தவரை மாணவர்கள் முதல் வாட்ச்மேன் வரை 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த ரெசிஸ்டர் கருகியது என்பதை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். துறைத்தலைவரோ டயோடைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். ஆனால் அவர் ஒரு டயோடைக் கையால் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்த அன்று அந்தக் குறையும் தீர்ந்தது. புகைப்படக்காரர் தயாராக நிற்க, தலைவர் தாமே டயோடை எடுத்துச் சர்க்யூட் பலகையில் செருகினார். வெள்ளிக் கோடு போட்ட முனை தப்பான பக்கம் போய் உட்கார்ந்தது. அக்கா வாயைத் திறந்தார். தலைவர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டார்.

உள்ளே போகிற மின்சாரம் மேலும் கீழுமாக அலையடிக்கும், டயோடு கீழ்ப்பாதியை மறித்துவிட்டு மேல்பாதியை மட்டும் வெளியே விடும் என்று தலைவர் அரைமணி நேரம் விளக்கினார். பிறகு சுவிட்சைப் போட்டார். அலையைக் காட்டும் கருவியின் திரையில் மேல்பாதியைக் காணோம். கீழ்ப்பாதிகள் வரிசையாகத் தொங்கின.

தலைவருக்கு வியர்த்துக்கொட்டியது. குழுவில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அந்தப் படத்தை அச்செடுத்து, 'மாதிரி' என்று எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

தலைவர் மட்டும் திரும்பி வந்தார்.

"ஏம்மா, அது ஏன் கீழ போச்சு?"

"கோடு இருக்கிற பக்கமாத்தான் சார் கரண்ட் வெளிய வரும். நீங்க திருப்பி மாட்டிட்டீங்க. அதனால மேல்பாதிய மறிச்சிட்டு கீழ்ப்பாதிய விட்டுடுச்சு."

"சரிபண்ண முடியாதா?"

"ஒரு நிமிஷ வேலை சார். கழட்டி மாத்திப் போட்டா போதும்."

"டயோட சொல்லலம்மா. கையெழுத்துப் போட்டாச்சே, அத."

அதற்கு அக்காவிடம் கருவி எதுவும் இல்லை. முத்திரை விழுந்த படத்தில் கை வைக்க முடியாது என்பதால், மிச்சமிருந்த இருபத்தொன்பது பலகைகளிலும் டயோடைத் திருப்பி மாட்டச் சொல்லிவிட்டுத் தலைவர் போனார். மத்தியானம் முழுக்க அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. முதலில் எரிச்சலாக வந்தது. பத்தாவது பலகையில் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். ஒவ்வொன்றையும் சோதித்தும் பார்த்தார். எல்லாவற்றிலும் கீழ்ப்பாதி பிசகாமல் வந்தது.

செய்முறைத் தேர்வில் வகுப்பு முழுவதும் மாதிரிப் படத்தை அப்படியே வரைந்து முழு மதிப்பெண் வாங்கியது. துறைத்தலைவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அக்காவின் கழுத்துவலிக்கு அவருடைய வீட்டுக்காரர் ஒரு அட்டை மாத்திரை வாங்கி வந்தார்.