பச்சையம்மாளின் நாற்பது நிமிஷம்

நைனார்பாளையம் காலனியில் கம்ப்யூட்டர் இருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது பச்சையம்மாள் வீடு. வயது நாற்பத்து நான்கு. பத்தாவது படித்தவள், சின்னசேலத்துக்குப் போய் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவள். அப்புறம் கல்யாணம். அப்புறம் இருபது வருஷம் ஊர்ப் பெரிய நிலக்காரர் காசிநாதன் கொல்லைக்காட்டில் கூலிக்கு மக்காச்சோளம் உடைத்ததுதான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, மூடப்போகிற பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து பழைய கம்ப்யூட்டரை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான். மடியில இருக்கிற புள்ளைக்கு டிக்கெட் போடுவியா என்று கேட்டவள், கடைசி வரை எடுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட ஆள்.

மனு, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை என்று கிடைத்ததை அடித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் ஒரு நல்ல வேலை வாய்த்திருந்தது. கள்ளக்குறிச்சி வக்கீல் தமிழ்வேந்தன் கையால் எழுதின மனுவை எட்டு மணிக்குப் போனில் படம் பிடித்து அனுப்புவார். ஒன்பது மணிக்குள் டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பதினைந்து நாள் பார்ப்பார், ஒழுங்காக வந்தால் வருஷம் பூரா வேலை. பச்சையம்மாளுக்கு அது போதும். காசிநாதன் கொல்லையில் இனி ஒரு நாளும் குனியக் கூடாது என்று மனசுக்குள் வைராக்கியமாக இருந்தாள்.

கம்ப்யூட்டருக்கு அந்த வைராக்கியம் இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டு உலை வைத்து, சோறு வடித்து, குளித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாகத் திறக்க நாற்பது நிமிஷம். விடியற்காலையிலேயே போட்டு வைக்கலாம்தான். ஆனால் லைன் மாற்றுகிற வேலை என்று அந்த மாசம் பூரா கரண்ட் விட்டு விட்டுத்தான் வந்தது. கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்து நாற்பது நிமிஷம். யுபிஎஸ் பாட்டரி எப்பவோ செத்தாச்சு. ஒரே வாரத்தில் இரண்டு தடவை மனு லேட். "இன்னொரு வாட்டி லேட்டாச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேம்மா" என்று வக்கீல் தன்மையாகவே சொன்னார். அதே நாளில், சோளம் உடைக்க ஆள் கம்மி, திங்கக்கிழமை வந்து சேர் என்று காசிநாதனும் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனாள். சர்வீஸ் கடை ஜெயப்பிரகாஷ் அதை சுவிட்ச் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"பழசாயிடுச்சுக்கா. கடாசிட்டு புதுசு வாங்கு."

"இன்னாத்தால லேட்டாவுது? அத சொல்லுப்பா."

"சொன்னா உனக்குப் புரியாதுக்கா."

அவ்வளவுதான். பழசு என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். புரியாது என்றதுதான் சுருக்கென்று தைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை லைன் ஆட்களுக்கு லீவு, கரண்ட் போகாமல் இருந்தது. அவள் யோசித்தது ரொம்ப சாதாரணமான யோசனை. வாங்கின புதிதில் இது மூன்றே நிமிஷத்தில் திறந்தது. அதே பெட்டிதான், அதே வீடுதான். அப்படியென்றால் நடுவில் எதுவோ உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. சுவிட்ச் போட்டதும் தானாகத் திறக்கிற சங்கதிகளின் பட்டியலைத் தேடிப்பிடித்தாள். பதினேழு இருந்தன. கோயில் கமிட்டிக்கு ஒரு தமிழ் எழுத்து சாப்ட்வேர், பஞ்சாயத்துக்கு வேறு எழுத்து, அச்சாபீசுக்கு இன்னொன்று. எங்களுக்கு இதில்தான் வேணும் என்று ஆளாளுக்குப் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றினதெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

இரண்டு மூன்றை நிறுத்தினாள், கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள், போனில் மணி பார்த்தாள். மறுபடி இரண்டு மூன்று. மத்தியானம் வரைக்கும் மல்லுக்கட்டியும் முப்பத்திமூன்று நிமிஷத்துக்குக் கீழே இறங்கவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு வந்து, தொடாமல் விட்டிருந்த ஒன்றைத் தொட்டாள். ஏரிப்பாசன சங்கத்துப் பதிவேடு. சங்கத்தலைவர் காசிநாதன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மகன் இளவரசன் வந்து ஏற்றிவிட்டு, இது மேல கை வைக்காத என்று சொல்லிவிட்டுப் போனது. சங்கத்து வேலையெல்லாம் அவள் சும்மாதான் செய்துகொடுத்தாள்.

அதை நிறுத்திவிட்டுத் திரும்ப சுவிட்சைப் போட்டாள். நான்கு நிமிஷத்தில் திறந்துகொண்டது.

அந்தப் பதிவேட்டுக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சுவிட்ச் போட்டதும் அந்தப் பதிவேடு முதல் வேலையாக இளவரசன் கம்ப்யூட்டரைத் தேடும். அவனோ அதைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இது தேடும், காத்திருக்கும், திரும்பத் தேடும். அது வரைக்கும் மற்றதெல்லாம் வாசலில் நிற்க வேண்டும். பச்சையம்மாளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தன் பெட்டியைத் தானே திட்டிக்கொண்டிருந்தாளே, இரண்டு வருஷமாக. பதிவேட்டை ஒரு வரி விடாமல் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து அதை அடியோடு அழித்தாள். சாயங்காலம் காசிநாதன் வீட்டு மாட்டுக்கொட்டாய் வேலைக்குப் போகிற இருசம்மாளிடம் பென்டிரைவைக் கொடுத்தனுப்பினாள்.

"வேணாண்டி, அவங்களப் பகைச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்றாள் இருசம்மாள்.

"நீ குடுத்துட்டு வா. மீதிய நான் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மனு வந்தது, எட்டேகாலுக்குக் கரண்ட் போனது. எட்டு இருபத்தைந்துக்குத் திரும்பி வந்தது. அதுவரை அடித்தது போனால் போகட்டும் என்று எட்டு இருபத்தொன்பதுக்கு அவள் மறுபடியும் முதல் வரியை அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது தெருவில் ஆரன் சத்தம். காசிநாதன் வண்டி. அவர் எப்போதும் தெருவில் நின்றுதான் ஆரன் அடிப்பார், இவள் ஓடிப்போய் நிற்பாள். இன்றைக்கு அவள் எழுந்திருக்கவில்லை. நாலைந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக அவர் அந்த வாசலுக்கு வந்து நின்றார்.

"யாரக் கேட்டு அத எடுத்த?"

"எம் மெஷினுங்க. யாரக் கேக்கணும்?" கை நிற்கவில்லை.

"பேசிக்கினே இருக்கேன், ஒக்காந்துக்கினே பதில் சொல்ற?"

"ஒம்பது மணிக்குள்ள அனுப்பணுங்க. எந்திரிச்சா வேல கெட்டுப்போவும்."

அவர் நின்றார். அவள் கடைசி வரியை அடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, வக்கீலுக்கு அனுப்பினாள். மணி எட்டு ஐம்பத்தைந்து. அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"திரும்ப ஏத்து. இல்லன்னா எங்கொல்லைப் பக்கம் நீ கால வைக்கக் கூடாது" என்றார் காசிநாதன்.

"அதுக்குத்தாங்க நேத்து பூரா இதோட மல்லுக்கட்டிக்கினு கெடந்தேன்" என்றாள் பச்சையம்மாள்.