என் கைநாட்டில் கிடைத்த டச்சுப் பதக்கம்

இன்று காலை குளச்சல் டீக்கடையில் கடைக்காரர் ஒரு போட்டோ காட்டினார்.

நெதர்லாந்தில் குடியேறிவிட்ட என் கூட்டாளி காசிம், கோட்டில் ஆரஞ்சு ரிப்பன் பதக்கத்தோடு சிரிக்கிறான். அந்த நாட்டு ராஜா கொடுத்த பட்டமாம்.

"எதுக்குடே?"

"ஆசுபத்திரி நோயாளிகளுக்கு வருஷக்கணக்கா கஞ்சி ஊத்துனதுக்காம், காக்கா."

அந்தக் கஞ்சியை ஊற்றுவது நான். லீவுக்கு வந்தபோது ஒரே ஒருநாள் அவன் அகப்பையைப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டான்.

மதியம் அவனுக்கு போன் போட்டேன்.

"லேய், உனக்கு எப்படிலே குடுத்தானுவ?"

"தெரிஞ்ச ஆளுவ சாட்சி எழுதிக் குடுக்கணும் மக்கா. நீயும் போன வருஷம் கைநாட்டு வச்சியே!"

வைத்தேன். எனக்கு எழுத்து தெரியாது. கஞ்சிக்குப் பெரிய பாத்திரம் கேட்டு நெதர்லாந்திலுள்ள தர்மக்காரர்களுக்கு எழுதிய மனு என்றுதான் படித்துக்காட்டினான். "ரெண்டு பாத்திரம்" என்று விரலை நீட்டியதுகூட நினைவிருக்கிறது. சிறுவயதுக் கூட்டாளி படித்ததை வேறு யாரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது?

"பாத்திரம் எங்கலே?"

"கோவப்படாத மக்கா. அடுத்த லீவுக்குப் பதக்கத்தைக் கொண்டுவாறேன். நீயும் ஒருதடவை சட்டையில குத்திப்பாரு."

போனை வைத்துவிட்டேன்.

அந்த ராஜாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். யாரிடமாவது நம்பர் இருக்கிறதா?