பிள்ளையாரோடு போட்ட சண்டை

கால் உடைந்து படுத்திருந்தவனை வேலையை விட்டு நீக்கினார்கள். அதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பக்தர்கள் படிக்கும் இதழில் கோபமாக எழுதலாமா என்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றார்கள் இதழ்க்காரர்கள். எழுதுகிறேன்.

தைப்பூசம் முடிந்த வாரம் அது. ஊரை விட்டுக் கடல் தாண்டி வந்து, ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் குழாய் பொருத்தும் வேலை பார்த்தேன். காலையில் பாதுகாப்புக் கூட்டத் தாளில் பிள்ளையார் சுழி போட்டுக் கையெழுத்திட்டதற்குச் சூப்பர்வைசர் செல்வத்திடம் வழக்கம்போலத் திட்டு வாங்கினேன். சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் சாரப் பலகை நழுவி விழுந்தேன். இடது கணுக்கால் உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வேனில் செல்வம் என் பக்கம் குனிந்தார்.

"டாக்டர் கேட்டா, டார்மிட்டரி படிக்கட்டுல வழுக்கிட்டேன்னு சொல்லு. மத்ததைக் கம்பெனி பாத்துக்கும் லா."

வலியில் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் பேசியதெல்லாம் அவர்தான். நம் ஊர்க்காரர் என்று நம்பியது என் முட்டாள்தனம்.

காலில் பிளேட் வைத்தார்கள். அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். ஆறாவது வாரம் செல்வம் விமான டிக்கெட்டோடு விடுதிக்கு வந்தார். வேலை இல்லை, வேலை பர்மிட் ரத்து, கால் வைத்தியத்தை ஊரில் போய்ப் பார்த்துக்கொள் என்றார். கம்பெனி பார்த்துக்கொண்ட லட்சணம் அது.

ஊன்றுகோலோடு மனிதவள அமைச்சு அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். கம்பெனி ஒரு கடிதத்தை நீட்டியது. விடுதிப் படிக்கட்டில் விழுந்ததாக நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதமாம். கையெழுத்து அச்சு அசலாக என்னுடையது மாதிரியே இருந்தது. நான் போடவில்லை என்றேன். விழுந்ததைப் பார்த்த நான்கு பேரும் வாயைத் திறக்கவில்லை.

"எனக்கும் பர்மிட் இருக்குண்ணே" என்றான் பக்கத்துக் கட்டில் பாண்டி. புதன்கிழமைக்குள் வேறு ஆதாரம் கொண்டு வரச் சொன்னார் அதிகாரி.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போனேன். சிராங்கூன் சாலை முழுக்கக் கூட்டம். என் ஊன்றுகோலைத் தட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோயிலில் பிள்ளையார் முன்னால் நின்றேன். தோப்புக்கரணம் போடக் கால் இல்லை. கும்பிட மனமும் இல்லை. சண்டைதான் போட்டேன்.

"உனக்கு என்ன குறை வெச்சேன்? யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் உன் சுழியைப் போடாம நான் கையெழுத்துப் போட்டிருக்கேனா? ஆபீஸ் பேப்பர்ல கிறுக்காதேன்னு அந்த ஆளு தினம் திட்டினாரு. வாங்கிக்கிட்டேன். அந்தச் சுழிக்காவது நீ..."

அப்போதுதான் உறைத்தது. கம்பெனி நீட்டிய அந்தக் கடிதத்தில் சுழி இல்லை.

மறுநாளே அதிகாரியிடம் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் விளக்கியும் அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. ஆனாலும் கம்பெனிக்குக் காரணம் சொல்லாமல் அவர்களுடைய பழைய பாதுகாப்புக் கூட்டத் தாள்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். என் கையெழுத்து இருந்த இடத்திலெல்லாம் மேலே சுழி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த ஒப்பந்தத்தில் இருந்தது. வலியோடு போட்டேனே, ஆபரேஷன் சம்மதத் தாள், அதிலும் இருந்தது. கடிதத்தில் மட்டும் இல்லை.

விசாரணையில் செல்வம் ஒத்துக்கொண்டார். என் கையெழுத்தை நெளிவு சுளிவோடு பார்த்து எழுதியவருக்குச் சுழி வெறும் கிறுக்கல். அதனால் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு பாண்டிக்கும் மற்ற மூவருக்கும் நான் விழுந்தது திடீரென்று ஞாபகம் வந்தது.

வேலையிடத்து விபத்து என்று பதிவானது. இரண்டாவது ஆபரேஷன் இங்கேயே நடந்தது. இப்போது புக்கிட் பாத்தோக்கில் வேறு கம்பெனியில் வேலை செய்கிறேன். செல்வத்தை நான் மன்னிக்கவில்லை. அது பிள்ளையாருக்கும் தெரியும். முன்பெல்லாம் பழக்கத்தில் போட்ட சுழியை, இப்போது அவரை நினைத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கையெழுத்து.

கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நல்ல வார்த்தை வரவில்லை என்பதற்காகக் கோயிலுக்குப் போகாமல் இருக்காதீர்கள். திட்டுவதற்காவது போங்கள். நான் திட்டிய திட்டுக்குள்ளேதான் அவர் பதிலை வைத்திருந்தார்.

பிளேட்டை எடுத்துக் கால் தேறியதும் கோயிலுக்குப் போய், அன்று போடாத தோப்புக்கரணத்தைப் போட்டேன். மூன்றாவதிலேயே கணுக்கால் வலித்தது. அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.