மகள் வரைந்த பேய்

பிரதோஷம் முடிந்து டவுண் பஸ்ஸில் திரும்பும்போது மகள் கண்கலங்கியபடி போனை நீட்டினாள். அவள் தனியாகச் செய்து வெளியிட்ட பேய் கேமுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "பேய் அப்படியே வெளிநாட்டு கேம் காப்பி."

"யம்மா, நான் அதப் பாத்ததே இல்ல. பேசாம என் கேமை எடுத்துரட்டா?"

"பொறுட்டி. ரெண்டையும் காட்டு."

இரண்டு பேயும் முடியை அள்ளிச் செருகிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, காலை இழுத்து இழுத்து நடந்தன.

"நீ யாரப் பாத்து வரைஞ்ச?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேலையெல்லாம் முடிச்சிட்டு நீ படுக்க வருவேல்லா, அந்த நடைதாம்மா."

எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. அந்த வெளிநாட்டு கேமைச் செய்த பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பாள்தானே.

"எடுக்காதட்டி. கெடக்கட்டும்" என்றேன்.

உங்கள் வீட்டுப் பேய் எத்தனை மணிக்குப் படுக்கிறது?