துரை விட்டுப்போன நாயும் அஷ்டமிப் பொங்கலும்

சீமையில் சண்டை மூண்ட வருஷம் எங்கள் வீட்டுக்கு அந்த நாய் வந்தது. என் வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டை சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை. அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரையைச் சண்டைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். துரை ரயில் ஏறுகிற அன்று நாய்ச் சங்கிலியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. துரைமார் முன்னால் இவருக்கு என்றைக்குத்தான் வாய் வந்தது!

கிரேஹவுண்டு என்று இவர் சொல்லுவார். நல்ல கருப்பு. கூர் மூஞ்சி, குச்சிக் கால், நெஞ்சு மட்டும் அகலமாக இறங்கி, வயிறு முதுகோடு ஒட்டிக்கிடக்கும். முதல் நாள் அதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது, யாரோ பட்டினி போட்டுக் கொண்டுவந்ததுபோல. இவர்தான் விவரம் சொன்னார். அந்த ஜாதி அப்படித்தானாம். விலா எலும்பு கொஞ்சம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். வயிறு முட்டத் தின்றால் குடல் முறுக்கிக்கொண்டு செத்தே போகுமாம். துரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இவரையும் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாராம்.

எங்களுடையது சைவ வீடு. முட்டை ஓடுகூட வாசல் தாண்டி வராது. வெள்ளிக்கிழமைதோறும் இவர் நாயை மேலப்பாளையத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக்கு நடத்திப்போய்க் கறி போட்டுக் கூட்டிவருவார். மற்ற நாள் பாடு என்னுடையது. அவித்த கொள்ளு, கம்பங்களி, வெண்ணெய் எடுத்த மோர். காலையில் கொஞ்சம், பொழுது சாய்ந்து கொஞ்சம். விடியக்காலம் வண்ணார்பேட்டை ஆற்றுமணலுக்கு இவர் கூட்டிப்போய் அவிழ்த்துவிடுவார். அது ஓடுவதை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். என்ன ஓட்டம், அம்மாடி! மணல்தான் பின்னால் பறந்தது, நாயைக் காணோம். மாதம் ஒருமுறை கருப்பட்டி மூட்டை அடுக்குகிற கிட்டங்கித் தராசில் அதை ஏற்றி நிறுத்துப் பார்ப்பார். இரண்டரை மணங்கைத் தாண்டினால் மறுநாளிலிருந்து களி குறையும். அந்த நாய் எப்படிச் சுகமாக இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

தெருவுக்குத்தான் பொறுக்கவில்லை. நாய்க்குக்கூடச் சோறு போட வக்கில்லாத வீடு என்று பேச்சு. குடத்தோடு வாசலைக் கடக்கிற ஒவ்வொருத்தியும் அதன் விலாவைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். என் அத்தைக்கு, அதுதான் இவர் அம்மாவுக்கு, அவமானம் தாங்கவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் நெய்ச்சோற்றை உருட்டி அதன் வாயில் போடுவாள். இவர் தராசில் கண்டுபிடித்துவிட்டு என்னைச் சத்தம் போடுவார். அம்மாவைச் சொல்ல முடியுமா? வீட்டில் ஏச்சு வாங்க ஒருத்தி இருந்தேனே, அது போதும்.

அடுத்த ஐப்பசியில் மழை பிந்திப் பெய்தது. பெய்ததும் தெருவில் பேதி வந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை ஏசுகிறதே ‘பேதியில போவான்’ என்றுதான். அந்த மாதம் ஒருத்தி வாயிலும் அந்த ஏச்சு வரவில்லை. காலையில் தண்ணீர் எடுத்துவந்தவள் சாயங்காலம் பாடையில் போனாள். சில வீடுகளில் அழக்கூட ஆள் மிச்சமில்லை. எதிர்வீட்டில் ஒரு குழந்தை சாகக் கிடந்தது. அதன் தாய் என்ன நினைத்தாளோ, வைரவருக்கு வடைமாலை நேர்ந்துகொண்டு, நாலு வடையை எங்கள் நாய்க்குப் போட்டாள். வைரவருக்கு வாகனம் கருப்பு நாய்தானே? மறுநாள் குழந்தை கண் திறந்துவிட்டது.

அவ்வளவுதான். நேற்றுவரை பட்டினி நாய், அன்றிலிருந்து வைரவர் வாகனம். வீட்டுக்கு வீடு வடை, நெய்ப் பொங்கல், எள்ளுருண்டை. தேய்பிறை அஷ்டமியன்று கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் அரளிமாலை, அந்த நாய் திருதிருவென்று விழித்துக்கொண்டு தின்றது. வேண்டாம் என்று கதவைச் சாத்தினால், சாகக் கிடக்கிற பிள்ளையின் தாய் வெளியே நின்று அழுகிறாள். அவளிடம் போய் மணங்குக் கணக்குப் பேசவா? இவரும் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோனார். கார்த்திகை பிறந்தபோது அது மூன்று மணங்குக்கு மேலே போய்விட்டது. விலா எலும்பைத் தொட்டுத் தேட வேண்டியிருந்தது. ஆற்றுமணலில் அவிழ்த்துவிட்டால் கொஞ்சம் ஓடிவிட்டு நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுகிறது என்று இவர் வருத்தப்பட்டார். பிறகு பின்கட்டில் கட்டிப்போட்டு நான் வெறும் மோரும் கொள்ளுத்தண்ணீரும் கொடுத்தேன். அதற்குள் எதிர்சாரியில் இன்னொரு சாவு. வாகனத்தைப் பட்டினி போடுகிறவள் என்று என் காதுபடவே பேசினார்கள்.

பிறகு இவருக்கே வந்தது. விடிந்து இரண்டு நாழிகைக்குள் கண் குழிவிழுந்து, விரல் சுருங்கி, குரல் போய்விட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைக் கரண்டியால் விட்டுக்கொண்டே இருந்தேன். விட்டது விட்டபடி வெளியே வந்தது. அடுப்படியில் வெண்கலப்பானை வைக்கிற சத்தம் கேட்டது. நெய் வாசனையும் வந்தது. எனக்குப் புரிந்துபோயிற்று. எழுந்துபோய் அத்தை கையைப் பிடித்தேன். வேண்டியமட்டும் நேர்ந்துகொள்ளுங்கள், கொஞ்சமாகப் போடுங்கள், நாளைக்கு மீதியைப் போடலாம் என்றேன்.

அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

“ஏட்டி, ஒனக்கு எம்பிள்ளை வேணுமா, நாய் வேணுமா?”

உள்ளே இவர் முனகினார். கையை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

ஒரு பானைப் பொங்கல். அத்தனையும் தின்றது. முதல் நாள் முழுக்க மோர்த்தண்ணீரில் கிடந்த வயிறு, தின்னாமல் என்ன செய்யும்? தின்றதும் அத்தை அதை அவிழ்த்து, வைரவர் பேரைச் சொல்லி வீட்டைச் சுற்றி மூன்று வலம் ஓட்டிவந்தாள். மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வயிறு தவில்போல் உப்பிக்கிடந்தது. வாந்தியெடுக்கத் தலையைத் தாழ்த்தித் தாழ்த்திப் பார்க்கிறது, நுரைதான் வருகிறது. இந்தப் பக்கம் இவர் ஓயாமல் வாந்தி, அந்தப் பக்கம் அது வாந்தி வராமல் தவிப்பு. நான் யாரைப் பிடிக்க? விளக்கு வைக்கிற நேரத்தில் நாய் செத்தது. இவருக்கு முதல்தடவையாகக் கஞ்சி வயிற்றில் நின்றது.

தெருவே வந்து வாசலில் விழுந்து கும்பிட்டது. உயிருக்கு உயிர் கொடுத்துவிட்டது, உன் தாலியைக் காப்பாற்றிவிட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இவர் பிழைத்த சந்தோஷத்தில் நானும்தான் அழுதேன். ஆனால் அந்த நாய்க்காக அழ எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. ஆற்றங்கரையில் குழி தோண்டி, மேலே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசினார்கள்.

இவர் எழுந்து உட்கார ஒரு மாதம் ஆயிற்று. தேய்பிறை அஷ்டமிக்கு முதல் நாள், கல்லுக்குப் பொங்கல் வைக்க வேண்டும், தாலிப் பிச்சை வாங்கினவள் நீதான் வைக்க வேண்டும் என்று அத்தை சொன்னாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. நேரே இவரிடம் போனேன். துரை சொல்லிவிட்டுப் போனதை ஞாபகப்படுத்தினேன். நாய் நோயை வாங்கிக்கொண்டு சாகவில்லை, பொங்கலைத் தின்று குடல் முறுக்கிச் செத்தது என்றேன். தராசில் நிறுத்தவர் இவர்தானே, இவராவது சொல்லட்டும் என்று நினைத்தேன்.

இவர் ரொம்பப் பைய, “ஏளா, அது எனக்குத் தெரியாதா? ஆனா இந்தத் தெருவுல அத்தனை பேர் செத்தாகளே, நான் மட்டும் எதுக்குப் பொழைச்சேன்? அதை நீ சொல்லு” என்றார்.

நான் அடுக்களைக்குப் போய் கல்லுக்குப் போடுகிற வடைமாலைக்கு உளுந்தை நனையப்போட்டேன்.