வெச்சது வெச்சதுதான்

திண்டிவனத்தில் மருந்துக்கடைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிய காலத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா இருந்தார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. கோபம் வந்தால் பேசமாட்டார். வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, ஒவ்வொன்றாக உரித்துத் தின்பார்.

முதலாளி, அவரைக் கேட்காமலே அவருடைய செல் நம்பரைப் புகார் நம்பராக எல்லாக் கடைத் திரையிலும் போட்டுவிட்டார். அக்காவின் தங்கை கல்யாணப் பந்தியிலும் போன் அடித்தது. அக்கா போய்க் கேட்டதற்கு முதலாளி சிரித்தார். “அடிச்சா எடுத்துப் பேசும்மா, இதுல என்ன பேஜாரு?”

அன்று ஒரு பொட்டலம் மல்லாட்டை தீர்ந்தது.

வேலையை விடும் வாரம், அக்கா சாஃப்ட்வேரின் புதிய பதிப்பில் அந்த இடத்தில் முதலாளியின் சொந்த நம்பரை வைத்தார்.

“திரையில தெரியுற ஒவ்வொண்ணும் ஒரு ப்ராப்பர்ட்டி. பைண்டிங் உள்ள ப்ராப்பர்ட்டி செட்டிங்ல இருக்கிற டேட்டாவையே பார்த்துக்கினு இருக்கும். டேட்டா மாறினா திரையும் மாறிடும். இது சாதாரண ப்ராப்பர்ட்டி. வெச்சது வெச்சதுதான்” என்றார் என்னிடம்.

விழுப்புரம் வரைக்கும் எல்லாக் கடைக்காரரும் முதலாளியை அழைத்தார்கள். இட்லியைப் பிட்டு வாயில் வைக்க விடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது. முதலாளி செட்டிங்கில் எத்தனை முறை நம்பரை மாற்றியும் திரை மாறவில்லை. கடைசியில் அக்காவுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டார்.

“அடிச்சா எடுத்துப் பேசுங்க சார், இதுல என்ன பேஜாரு?” என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “எங்க மாத்தணும்னு உனக்குத் தெரியுமா?”

ஒரே வரிதான். எந்த ஃபைலில் என்றுகூட எனக்குத் தெரியும்.

“தெரியாது சார்” என்றேன். அக்காவின் மேசை டிராயரில் கொஞ்சம் மல்லாட்டை மிச்சமிருந்தது. ஒன்றை எடுத்து நிதானமாக உரித்தேன்.