சத்தம் நின்ற குழாய்

பஞ்சர் கடையைக் கடக்கையில் மூக்கில் ஏறும் ரப்பர் வாடையில், இன்று மனைகளாகிவிட்ட எங்கள் ராசிபுரத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அதன் மண்சுவரைத் துளைத்து வெளியேறும் குழாயில் எந்நேரமும் ஏதாவதொரு ஒழுக்கு சீறிக்கொண்டிருக்கும். அப்பா சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டுவார், அங்கே அடங்கிய தண்ணீர் வேறு இடம் தேடி அடுத்த இணைப்பில் பீய்ச்சும், அதையும் கட்டுவார்.

ஒரு மத்தியானம், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே சீறல் மொத்தமும் நின்றது.

"ஏனுங்க, சத்தத்தையே காணமுங்க?" என்று அம்மா களத்திலிருந்து கேட்டாள்.

"எல்லாத்தையும் அடச்சுப்போட்டேன்" என்று அப்பா மோட்டார் ரூமுக்குள் கட்டிலில் சாய்ந்தார்.

நான் குழாய் வெளியேறும் இடத்தருகே வெளிச்சுவரில் கைவைத்தேன். சில்லென்று ஊறிப்போயிருந்தது. அழுத்தினேன், முழு விரலும் உள்ளே போனது. அந்தப்புறம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.